கீழ்வீட்டு டிஸ்க்கும் கோட்டைச்சாமியின் சீரும்

தேனி பஜாரில் பெயிண்டு, பூட்டு, ஆணி விற்ற பொன்னுராஜுக்கு ஒரே மகள் இவாஞ்சலின். கடைக்குப் புதுப் பூட்டு வந்தால் முதலில் அவள் கைக்குத்தான் போகும். திருகாணியைக் கழற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டுவாள். மாட்டிய பிறகு ஒன்றிரண்டு பூட்டு பூட்டாது. "இந்தப் புள்ளைக்கு நாக்குல பாதி வெரல்ல பாதின்னு கேள்விய வச்சுல்ல படைச்சிருக்காரு கர்த்தர்" என்று பொன்னுராஜ் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அலுத்துக்கொள்வார். அந்த அலுப்பில் பாதி பெருமை.

தொண்ணூற்றாறில், அவள் கல்லூரியில் சேர்ந்த வருஷம், பஜாருக்குப் பின்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சத்தம் போடாமல் உள்ளே போக வேண்டும். முதல் நாளே இவாஞ்சலின் வாத்தியாரைக் கேட்டாள்:

"சார், ஸ்விட்ச அமத்துனதும் நாம அடிச்ச எழுத்தெல்லாம் எங்கன போகுது?"

"அது பரீட்சைக்கு வராதும்மா" என்றார் அவர்.

அந்த வாத்தியார் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அன்றைக்கு அவர் பதில் சொல்லியிருந்தால் இவள் அடங்கியிருப்பாள். சொல்லாததால் அந்தக் கேள்வி ஏறக்குறைய பத்து வருஷம் அவள் மண்டையைக் குடைந்தது. நமக்கும் ஒரு கதை கிடைத்தது.

கல்லூரி முடிந்து சில வருஷத்தில் அவளை வீடியோ எடுக்கும் முத்துராஜாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். தேனியிலேயே அவனுக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. கீழே முன்பக்கம் கவுன்டர். பின்னால், ஃபிலிம் கழுவிய காலத்து இருட்டறை. மாடியில் தகரக் கூரைக்குக் கீழே மிக்சிங் ரூம். எடுத்த படத்தை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, வீட்டுக்காரர்கள் போட்டுப் பார்க்கிற மாதிரி ஆக்குவதைத்தான் எங்கள் பக்கம் மிக்சிங் என்பார்கள். முத்துராஜா கேமராவோடு ஊர் ஊராகப் போனான், இவாஞ்சலின் மாடிக்குப் போனாள். போன மாதத்திலேயே, அடிக்கடி வைரஸ் வந்து படுத்துக்கொண்ட அந்த மிஷினைத் துடைத்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸைப் போட்டுவிட்டாள். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி அது.

"ஓடுற வண்டிய எதுக்குடி பிரிக்கிற?" என்று முத்துராஜா பதறினான்.

"எங்கங்க ஓடுச்சு? தள்ளிக்கிட்டுல்ல இருந்தீக" என்றாள்.

வண்டி ஓடியது. இரண்டாயிரத்து ஐந்தில்தான் வேறு சங்கடம் வந்தது. ஒரு மணி நேரப் படம் டேப்பிலிருந்து உள்ளே இறங்கினால் பதிமூன்று ஜிபி பிடிக்கும். அந்தக் காலத்து டிஸ்க்குக்கு அது வயிறு முட்டும் சாப்பாடு. மாடி மிஷினுக்குள் நான்கு டிஸ்க் மாட்டத்தான் இடம் உண்டு, நான்கும் நிறைந்துவிட்டன. கீழே இருட்டறையில் ஒரு பழைய மிஷின் சும்மா கிடந்தது. அதில் புது டிஸ்க்கை மாட்டி, மாடிவரை வயர் இழுத்து, ஃபைல் ஷேரிங் போட்டுப் பார்த்தாள். டேப்பிலிருந்து இறங்கும்போது படம் நடுநடுவே துள்ளியது. தாலி கட்டுகிற இடத்தில் துள்ளினால் யார் சும்மா இருப்பார்கள்?

லினக்ஸில் கெர்னல் என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டரின் உடம்புக்கும் நாம் திறக்கும் புரோகிராம்களுக்கும் நடுவே நின்று எல்லாவற்றையும் நடத்திவைப்பது அதுதான். கீபோர்டோடு பேச ஒரு டிரைவர், கேமராவோடு பேச ஒரு டிரைவர், டிஸ்க்கோடு பேச ஒரு டிரைவர் என்று அதற்குள் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. யார் யார் வேண்டும் என்று நாமே பொறுக்கி, கெர்னலைப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். பொறுக்குவதற்கு நீளமான பட்டியல் ஒன்று திரையில் வரும். ஒவ்வொரு வரிக்கும் மூன்றில் ஒரு பதில் சொல்ல வேண்டும்: வேண்டும், வேண்டாம், கூப்பிட்டால் வரட்டும். நமக்கெல்லாம் கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் விட்டுப்போனது என்று பார்க்கவே பொறுமை கிடையாது. இவாஞ்சலின் அந்தப் பட்டியலை வரி வரியாக, ஒவ்வொன்றுக்கும் இருந்த விளக்கத்தோடு, முறுக்கு கடித்துக்கொண்டே படித்தாள்.

அப்படிப் படிக்கையில் ஒரு வரியில் கை நின்றது. நெட்வொர்க் பிளாக் டிவைஸ். வேறொரு கம்ப்யூட்டரில் இருக்கும் டிஸ்க்கை, இந்தக் கம்ப்யூட்டர் தன் சொந்த டிஸ்க்காகவே நினைத்துக்கொள்ளச் செய்யும் டிரைவர். கெர்னல் அதனிடம், "டிஸ்க்கில் இன்ன இடத்தில் இருப்பதைக் கொடு" என்று கேட்கும். டிரைவர், "இதோ" என்று சொல்லிவிட்டு, வயர் வழியாகக் கீழே ஓடி, அந்த மிஷினிடம் வாங்கிக்கொண்டு வந்து நீட்டும். கெர்னலுக்கு விஷயமே தெரியாது.

"ஏங்க, இங்க வாங்களேன். பொய் சொல்றதுக்குன்னே ஒரு டிரைவர் எழுதி வச்சிருக்காங்க!" என்று மாடியிலிருந்து கத்தினாள்.

அந்த வரிக்கு, கூப்பிட்டால் வரட்டும் என்று பதில் போட்டாள். கெர்னலைக் கட்ட மிஷின் பாதிப் பகலை எடுத்துக்கொண்டது. கட்டி முடித்து, மிஷினைத் திரும்ப எழுப்பி, கீழ் டிஸ்க்கைத் தேடினால் காணோம். மறுபடி ஒருமுறை எழுப்பினாள். அப்போதும் காணோம். கூப்பிட்டால் வரட்டும் என்று சொன்னவளே கூப்பிட மறந்துவிட்டாள் என்பது மூன்றாவது காப்பி குடிக்கும்போதுதான் உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டு, டிரைவரைப் பெயர் சொல்லி ஏற்றினாள். கீழ் மிஷினோடு இணைத்தாள். திரையில் டிஸ்க்கின் அளவு சரியாக வந்து நின்றது.

அப்புறம் அவள் செய்த காரியத்தை முத்துராஜா வெகுகாலம் சொல்லிச் சிரித்தான். அவனை மாடியில் உட்காரவைத்து, "நான் சொன்னதும் இந்த ஃபைல காப்பி போடுங்க" என்றுவிட்டுப் படியிறங்கி ஓடினாள். இருட்டறையில் தரையில் மண்டியிட்டு, மிஷினின் தகரத்தில் காதை வைத்தாள்.

"போடுங்க!"

மேலே அவன் பட்டனைத் தட்டினான். கீழே டிஸ்க் கறகறவென்று ஓட ஆரம்பித்தது. அங்கே தட்டியது இங்கே கேட்கிறது. தொண்ணூற்றாறில் கேட்ட கேள்விக்கு யாரோ மெதுவாகப் பதில் சொல்வதுபோல் இருந்தது அவளுக்கு. எழுத்து எங்கே போகிறது என்றா கேட்டாய், இதோ, மாடியிலிருந்து இருட்டறைக்குப் போகிறது, கேட்டுக்கொள். எழுந்தபோது கன்னத்தில் தகரத்தின் வரி பதிந்திருந்தது.

டேப்பிலிருந்து இறங்கும் படமும் அதற்கப்புறம் துள்ளவில்லை. அதே கெர்னலை முன்பக்கக் கவுன்டர் மிஷினிலும் போட்டுவைத்தாள். மிக்சிங் முடிந்த படத்தை வீட்டுக்காரர்களுக்கு அங்கேயே காட்டலாம். ஒரே ஒரு ஒழுங்கு மட்டும் வைத்துக்கொண்டாள்: மாடியில் டிஸ்க்கின் இணைப்பை விட்ட பிறகுதான் கவுன்டரில் எடுக்க வேண்டும். இரண்டு மிஷினும் ஒரே நேரத்தில் எழுதக் கூடாது. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தவளே பின்னால் செய்த தப்பு என்பதால்தான் அது அவளை அவ்வளவு உறுத்தியது.

அந்த ஆவணியில் ஆண்டிபட்டியில் ஒரு காதுகுத்தை முத்துராஜா படம் எடுத்தான். பவுனு என்ற அம்மாளின் மகள் சினேகாவுக்கு. தாய்மாமன் கோட்டைச்சாமி, கூடலூரில் திராட்சைத் தோட்டக்காரர். கொட்டுமேளத்தோடு சீர் கொண்டுபோய், மருமகளை மடியில் வைத்துக் காது குத்தினார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லாத விசேஷம். ஆனால் அண்ணனும் தங்கச்சியும் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அப்பன் விட்டுப்போன கிணற்றில் யார் முறைக்கு யார் மோட்டார் போட்டது என்பதில் வந்த சண்டை. பவுனு குடும்பம் பங்கை விற்றுவிட்டு ஆண்டிபட்டிக்கே போய்விட்டது. காதுகுத்துக்கு வெற்றிலை பாக்கு வேறு ஆள் கையில்தான் வந்தது. பகை இருந்தாலும் தாய்மாமன் சீர் நிற்கக் கூடாது என்பதால் இவர் போனார், செய்தார், சாப்பிட்டார், திரும்பினார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சில நாள் கழித்துக் கோட்டைச்சாமி ஒரு பை திராட்சையோடு ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார். எப்போதோ கிணற்று மேட்டில் விழுந்ததில் இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார்.

"தாயி, சீர் படம் ரெடியாயிருச்சா? ஒரே ஒரு எடத்த மட்டும் பாக்கணும்."

"எந்த எடம்ணே?"

அவர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "சீரு தெருமுனையில திரும்புச்சுல்ல. அப்ப பவுனு வாசல்ல நின்னா. நான் குனிஞ்ச தல நிமிரல. அவ மொகம் எப்பிடி இருந்துச்சுன்னு பாக்கணும். முற செய்ய வந்தியா, சரி, வான்னு நின்னாளா, இல்ல…" என்றார்.

இவாஞ்சலினுக்கு நெஞ்சு இளகிவிட்டது. சீர் திரும்பும்போது கேமரா கூடப்பிறந்தவள் முகத்தில்தான் இருக்க வேண்டும் என்பது முத்துராஜாவின் தொழில் வழக்கம். அந்த முகம் டிஸ்க்கில் இருக்கிறது. ஆனால் மாடியில் அந்நேரம் போடி கல்யாணம் ஒன்று டேப்பிலிருந்து அதே டிஸ்க்கில் இறங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டும். முடியட்டும் என்றால், தாய்மாமனை யாராவது வாசலில் காக்கவைப்பார்களா? தேனிப் பக்கத்தில் எந்தக் கடைக்காரரும் அதைச் செய்யமாட்டார். சீர் படத்தை முதலில் தாய்மாமனுக்குக் காட்டிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு என்பது ஸ்டூடியோக்களில் எழுதாத சட்டம். இந்தக் காலோடு அவரை மாடி ஏறச் சொல்லவும் மனம் வரவில்லை.

எழுதத்தானே கூடாது, பார்த்தால் என்ன என்று நினைத்தாள். கவுன்டர் மிஷினில், பார்க்க மட்டும் என்று சொல்லி டிஸ்க்கை எடுத்தாள். படம் ஓடியது. பந்தல் வந்தது, வாழைமரம் வந்தது, பவுனு மகளுக்குப் பூ வைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். தூரத்தில் கொட்டுச் சத்தம். கோட்டைச்சாமி நாற்காலி நுனிக்கு வந்தார்.

படம் உறைந்து நின்றது.

தட்டிப் பார்த்தாள், அசையவில்லை. மாடிக்கு ஓடினாள். அங்கே திரை முழுக்கப் பிழைச் செய்தி ஏறிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் மிஷினை அணைத்துத் திரும்ப எழுப்பி, போடி கல்யாணத்தை மறுபடி முதலிலிருந்து இறக்கினாள். அதுதான் இரண்டாவது தப்பு. டிஸ்க்கில் எந்த இடம் காலி, எந்த இடத்தில் படம் இருக்கிறது என்ற கணக்கே அதற்குள் குழம்பிப்போயிருந்தது. சீர் படம் இருந்த இடத்தைக் காலி என்று நினைத்து, மிஷின் அதன்மேல் போடி கல்யாணத்தை எழுதியது. பழுது பார்க்கும் புரோகிராமை ஓடவிட்டபோது, ஃபைல்களெல்லாம் பெயர் போய், வெறும் எண்களாக ஒரு மூலையில் வந்து விழுந்தன.

"டேப்பிருக்கும்ல?" என்றார் கோட்டைச்சாமி. விவரம் தெரிந்த கேள்விதான்.

படம் இறங்கியதும் டேப்பை அடுத்த விசேஷத்துக்கு எடுத்துக்கொள்வது எல்லா ஸ்டூடியோவிலும் நடப்பது. சீர் எடுத்த அதே டேப்பில்தான் முத்துராஜா போடி கல்யாணத்தை எடுத்துவந்திருந்தான்.

"இல்லண்ணே. தப்பு என்னுதுதான்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. என்ன நடந்தது என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்த்தாள். ஒரே டிஸ்க், இரண்டு மிஷின், அதுக்கு இது எடுத்தது தெரியாது, இதுக்கு அது எடுத்தது தெரியாது.

"ஒரு கெணத்துல முறையில்லாம ரெண்டு மோட்டார் போட்டுட்ட. அதானே?" என்றார் கோட்டைச்சாமி. தான் சொன்னது தனக்கே எங்கேயோ தைத்ததுபோல் எழுந்துகொண்டார். "கெடைச்சா சொல்லிவிடு தாயி" என்று திராட்சையைக் கவுன்டரில் வைத்துவிட்டு, கூடலூர் திரும்பக் கம்பம் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

முத்துராஜா வந்ததும் முதல் வேலையாக, "அந்த அம்மா மொகம் எப்பிடிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். அவன் யோசித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "வெயிலு எதிர்ல அடிச்சுச்சு. அதச் சரிபண்ணிக்கிட்டு இருந்தேன். மொகத்த எங்க பாத்தேன்?" என்றான். பார்த்துக்கொண்டே இருப்பவனைப் போய்க் கேட்டதற்கு இந்தப் பதில்.

அழுது முடித்ததும் அவளுக்குப் பழைய குணம் வந்துவிட்டது. பார்க்க மட்டும் என்றுதானே சொன்னேன், பிறகு எப்படி எழுதியது? படித்துப் பார்த்ததில் விடை கிடைத்தது. அந்த டிஸ்க்கில், செய்யப்போகிற மாறுதலை முன்கூட்டியே ஒரு ஓரத்தில் குறித்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. கரண்டு போய்ப் பாதியில் நின்றால், அடுத்து வருகிறவன் அந்தக் குறிப்பைப் பார்த்து மிச்ச வேலையை முடித்துவைப்பான். கவுன்டர் மிஷின் வந்து பார்த்தது, பாதி வேலை கிடந்தது. மாடிக்காரன் உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கிறான் என்று அதற்குத் தெரியாது. செத்துவிட்டான் என்று நினைத்து, பார்க்க மட்டும் வந்த ஆள், போகிற போக்கில் மிச்சத்தை முடித்துவைத்துவிட்டது. நல்ல எண்ணத்தில் செய்த காரியம்தான். இதைப் படித்தபோது, தன் மேல் இருந்த கோபத்தையும் மீறி, எவ்வளவு அழகாகக் கெட்டிருக்கிறது என்று அவள் வியந்துபோனாள். கோளாறைக் கண்டு சந்தோஷப்படுகிற ஜாதி அவள், என்ன செய்வது.

அப்புறம் எண்களாகக் கிடந்த ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். டேப்பிலிருந்து இறங்கிய படத்தில் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அது எடுக்கப்பட்ட தேதியும் நேரமும் ஒளிந்திருக்கும். பெயர் போனாலும் அது போகாது. அதை வைத்து வரிசைப்படுத்தினாள். பந்தல் கிடைத்தது. பூ வைத்தது கிடைத்தது. மடியில் உட்காரவைத்தது, சினேகா வீறிட்டு அழுதது, பந்தி, எல்லாமே கிடைத்தன. கொட்டு தெருமுனைக்கு வந்தது, கேமரா பவுனு பக்கம் திரும்பியது. அந்த இடத்தில் முகத்துக்குப் பதிலாகப் போடியில் யாரோ ஒரு மணப்பெண் சர்ச் வாசலில் நின்று கேக் வெட்டினாள். வெட்டி முடித்ததும் மறுபடி ஆண்டிபட்டி. சீர்த் தட்டுகள் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன.

ஆளனுப்பியதும் கோட்டைச்சாமி வந்தார். இந்தத் தடவை, பார்க்க மட்டும்தான் என்ற பூட்டை, டிஸ்க்கை வாங்குகிற கவுன்டர் பக்கம் போடாமல், கொடுக்கிற இருட்டறை மிஷினிலேயே போட்டிருந்தாள். படத்தில் கேக் வந்தபோது அவர் திகைத்து அவளைப் பார்த்தார்.

"அந்த எடம் மட்டும் இல்லண்ணே. இனி எங்க தேடுனாலும் வராது."

அவர் திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"சரி விடு. அவகிட்டயே கேட்டுக்கிறேன்" என்று எழுந்தார்.

வாசலில் நின்று அவள் எட்டிப்பார்த்தாள். காலை இழுத்துக்கொண்டே எதிரே இருந்த பஸ் ஸ்டாண்டுக்குப் போனவர் கம்பம் பஸ்ஸைத் தாண்டிப் போய் ஆண்டிபட்டி பஸ்ஸில் ஏறினார்.

மிக்சிங்கில், ஓட்டையான இடத்தில் ரோஜாப்பூ பறக்கவிடலாம் என்றான் முத்துராஜா. இவாஞ்சலின் கேட்கவில்லை. கேக்கை வெட்டியெடுத்துவிட்டு, அந்த இடத்தைக் கறுப்பாகவே விட்டாள். டிஸ்க்குக்கும் புது ஏற்பாடு செய்தாள். பார்க்க வருகிற மிஷின் தெரியாமல் எதையாவது எழுதினாலும் அது தனியே ஒரு ஓரத்தில் விழுந்து, இணைப்பை விட்டதும் அழிந்துபோகும். அதற்கப்புறம் அந்த ஸ்டூடியோவில் ஒரு படமும் போனதில்லை. சில வருஷத்தில் பெரிய பெரிய டிஸ்க்குகள் வந்து அந்த வயரே தேவையில்லாமல் போனபோதும், அவள் அதைக் கழற்றவில்லை.

அந்தக் காதுகுத்துப் படம் தயாரானதும் வாங்கிப்போக அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்தே வந்தார்கள். பவுனு முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இவாஞ்சலினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோட்டைச்சாமியைத் தள்ளிக் கூப்பிட்டு, "என்னண்ணே சொன்னாக?" என்று கிசுகிசுத்தாள்.

"கேட்டேன் தாயி. வாயத் தெறக்கல. சோத்தப் போட்டா."

கவுன்டரில் படம் ஓடியது. பந்தல், பூ, கொட்டு. திரை கறுத்தது.

"இங்கன என்ன, கரண்டு போயிருச்சா?" என்றாள் பவுனு.

"அந்த எடம் அழிஞ்சுபோச்சுக்கா, என்னாலதான்" என்ற இவாஞ்சலின் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். "சீரு திரும்புச்சுல்ல, அப்ப நீங்க வாசல்ல நின்னீக. எப்பிடிக்கா இருந்துச்சு, அண்ணன் வர்றதப் பாக்க?"

பவுனு திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான் எங்க பாத்தேன்? கொட்டுச் சத்தம் கேட்டதுமே கண்ண மூடிட்டேன். ஆளு வர்றாகளா, சீர மட்டும் யார்ட்டயாச்சும் குடுத்தனுப்பிட்டாகளான்னு தெரியலையே. கொட்டு நின்னதும், கால இழுத்து இழுத்து வைக்கிற சத்தம் வாசல்ல கேட்டுச்சு. அப்பறந்தான் தெறந்தேன்."

கோட்டைச்சாமி கவுன்டரைப் பிடித்துக்கொண்டார். "இத அன்னைக்கே சொன்னா என்ன?"

"நீங்க அன்னைக்கே கேட்டா என்ன?"

அவர் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார். துண்டால் மூக்கைத் துடைத்தார். பிறகு, "இன்னொருக்கா மொதல்லருந்து போடு தாயி" என்றார்.

இவாஞ்சலின் படத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள். இந்த முறை திரை கறுத்த இடத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை.